பீப் சத்தம் வரும்வரை திரும்பாதீர்கள்

வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிப்பார். கட்சி முகவர்கள் காதில் விழுந்து, ஆள் சரிதானா என்று பார்ப்பதற்காகவே அந்தச் சத்தம். பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டையோ ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணமோ கையில் இருக்க வேண்டும்.

அடுத்து பதிவேட்டில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை. மையிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. நகத்தில் ஏறிய கறை நகம் வளர்ந்துதான் போகும். விரலில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

மூன்றாவது அலுவலரிடம் இருப்பது கட்டுப்பாட்டுக் கருவி. கையெழுத்து வாங்கிய அலுவலர் தந்த சீட்டை வாங்கிக்கொண்டு அவர் ஒரு பொத்தானை அழுத்தினால்தான், 5 மீட்டர் கேபிளுக்கு அப்பால் மறைவிடத்தில் இருக்கும் வாக்களிக்கும் கருவியில் பச்சை விளக்கு எரியும். அந்த ஓர் அழுத்தத்துக்கு ஓர் ஓட்டுதான். பிறகு எத்தனை முறை அமுக்கினாலும் பதிவாகாது. சின்னத்தின் மேல் விரலை வைத்து அமுக்குகிறவர்கள் உண்டு. அழுத்த வேண்டியது அதே வரிசையிலுள்ள நீலப் பொத்தானை.

பலர் கோட்டைவிடும் இடம் இனிதான். பொத்தானுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். அப்போதுதான் அருகிலுள்ள விவிபாட் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் அச்சான சீட்டு தெரியும், 7 நொடி மட்டும். பிறகு அது துண்டாகிப் பெட்டிக்குள் விழும். நீளமாக ஒரு பீப் கேட்கும். உங்கள் ஓட்டை நீங்களே சரிபார்க்க இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை, தயவுசெய்து நின்று பாருங்கள். சீட்டு தெரியவில்லை, சத்தம் வரவில்லை என்றால் உடனே தலைமை அலுவலரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் அழுத்தியதற்கு வேறு சின்னம் சீட்டில் விழுந்தது என்றால், தேர்தல் நடத்தும் விதிகளில் 49எம்ஏ விதிப்படி எழுத்துமூலம் புகார் தரலாம். முகவர்கள் முன்னிலையில் சோதனை ஓட்டு போடச் சொல்வார்கள். புகார் உண்மையானால் அந்தக் கருவியில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யானால் நடவடிக்கை உங்கள்மேல். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே போட்டுவிட்டுப் போயிருந்தால் 49பி (49P) விதி இருக்கிறது. கருவியில் அல்ல, காகித வாக்குச்சீட்டில் போட்டு உறையில் வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது.

வெளிச்சம் நேராகப் பட்டால் விவிபாட்டின் சென்சார் குழம்பும். அதனால்தான் ஜன்னலையும் விளக்கையும் விட்டுத் தள்ளி வைக்கிறார்கள். விவிபாட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள். கட்டுப்பாட்டுக் கருவி, வாக்களிக்கும் கருவி இரண்டில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் மாறும், கருவி சரியா என்று பார்க்கும் மாதிரி வாக்குப்பதிவு மறுபடி நடக்கும். வரிசை நகராமல் நிற்கும்போது சில நேரம் உள்ளே இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போடலாம். டோக்கனைக் கடைசி ஆளிலிருந்து கொடுத்துக்கொண்டு வருவார்கள், பின்னால் புதிதாக யாரும் சேர முடியாதபடி.