ஹெட்போனும் போனும் சேர்ந்து போடும் ஊகக் கணக்கு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “புது ஹெட்போன் பெட்டியில் ஆப்ட்எக்ஸ் என்று போட்டிருக்கிறது. என் போன் அந்த முறையில்தான் பாட்டை அனுப்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

ஆண்ட்ராய்டு போன் என்றால் சுலபம். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய், பில்டு நம்பரை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்துகொள்ளும். ஹெட்போனை இணைத்து, பாட்டை ஓடவிட்டு, ‘ப்ளூடூத் ஆடியோ கோடெக்’ என்ற வரியைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, அங்கே தெரியும்.

சரி, கோடெக் எதற்கு? சிடி தரத்தில் ஒரு நொடிப் பாட்டு சுமார் 1,411 கிலோபிட். ப்ளூடூத்தில் அது விட்டுவிட்டுக் கேட்காமல் போய்ச் சேர வேண்டுமானால் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். எஸ்பிசி என்ற கோடெக் ப்ளூடூத்தில் பாட்டு கேட்கும் கருவிகளில் கட்டாயம் உண்டு. ஆப்ட்எக்ஸ் போல அதைவிட நல்ல கோடெக் வேண்டுமானால், போன், ஹெட்போன் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆப்ட்எக்ஸ் சுருக்கும் விதம் அவ்வளவு அழகு! முதலில், எண்களாகப் பதிவாகியிருக்கும் ஒலியை நான்கு அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் இதுவரை வந்த எண்களை வைத்து, அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று போன் ஊகிக்கிறது. ஹெட்போனும் அதே கணக்கைப் போட்டு அதே ஊகத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எண்ணை எதற்கு அனுப்புவது? ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் அனுப்பினால் போதும். அந்த வித்தியாசத்தையும் தோராயமாக்கித்தான் அனுப்புகிறது. அதனால் போன் தன்னிடமுள்ள அசல் எண்ணை வைத்து ஊகிப்பதில்லை. ஹெட்போன் கையில் இருக்கும் அதே தோராய எண்ணை வைத்தே ஊகிக்கிறது. இரண்டும் பிசகாமல் சேர்ந்து நடப்பது இதனால்தான். குரலின் பெரும்பகுதி அடங்கிய கீழ்ப்பட்டைக்கு அதிக பிட், மேல்பட்டைகளுக்குக் குறைவான பிட். ஆக, நான்கு 16 பிட் எண்களுக்கான 64 பிட் வெறும் 16 ஆகிறது!

இந்த முறை 1980களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வில் பிறந்தது. ப்ளூடூத் என்ற பேச்சே அப்போது இல்லை. “இதனால் உடனே என்ன பயன்?” என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள்மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஐபோனில் ஆப்ட்எக்ஸும் இல்லை, சோனியின் கோடெக்கான எல்டாக்கும் இல்லை. ஏஏசி என்ற இன்னொரு கோடெக் அல்லது எஸ்பிசிதான். ஆண்ட்ராய்டில், இரு பக்கமும் ஆப்ட்எக்ஸ் இருந்தும் எஸ்பிசியே ஓடினால், ப்ளூடூத் பட்டியலில் அந்த ஹெட்போனின் அமைப்பைத் திறந்து பாருங்கள். ‘ஹெச்டி ஆடியோ’ அணைந்திருக்கலாம்.