‘ஸ்டெல்த்’ என்றால் திருட்டுத்தனமா?

‘கமாண்டோஸ்: ஆரிஜின்ஸ்’ என்ற கணினி விளையாட்டு 2025 ஏப்ரலில் வெளிவந்ததிலிருந்து, அதைப் பற்றித் தமிழில் பேசுவோரும் எழுதுவோரும், எதிரி அறியாமல் இயங்குவதைக் குறிக்கும் ‘ஸ்டெல்த்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, ‘திருட்டுத்தனமான தந்திர விளையாட்டு’ என்று விடாமல் சொல்லி வருகிறார்கள். முதலில் அது இயந்திர மொழிபெயர்ப்பின் கோளாறு என்று விட்டுவிட்டேன். இப்போது மனிதர்களே கூசாமல் எடுத்தாள்கிறார்கள். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். திருடுவதைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ (steal) என்ற வினையோடு உறவுடையது ‘ஸ்டெல்த்’ (stealth). இடைக்கால ஆங்கிலத்தில் அது திருட்டையே குறித்தது. பிறகு, பிறர் அறியாமல் செய்கிற எந்தச் செயலுக்கும் ஆகி வந்தது. திருட்டுப் பொருள் வழக்கொழிந்தது. ராடாருக்குத் தப்பும் போர் விமானங்களுக்கு அந்தப் பெயர் வந்ததெல்லாம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

வேர் திருட்டுதானே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. வேரை வைத்துப் பொருள் சொல்வதென்றால் ‘நாற்றம்’ இன்றைக்கும் நறுமணத்தைக் குறிக்க வேண்டும். மல்லிகையின் நாற்றம் என்று இன்று எழுதத் துணிவார்களா? வழக்கில் ஒரு சொல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அதைப் பிடிக்க வேண்டும். ‘திருட்டுத்தனம்’ வழக்கில் எங்கே நிற்கிறது? பழிச்சொல்லாக நிற்கிறது. முட்டாள்தனம், சோம்பேறித்தனம், போக்கிரித்தனம் என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள். ‘தனம்’ ஒட்டிக்கொண்டாலே ஒருவரின் குணத்தைப் பேசுகிறோம். பெரும்பாலும் குறையாகத்தான் பேசுகிறோம். ‘ஸ்டெல்த்’ குணமே இல்லை. அது பயின்று பெறும் திறன், உடம்பால் செய்யும் வினை.

இதை அந்த ஆட்டத் தொடரைக் கொண்டே காட்டலாம். மாட்ரிட்டைச் சேர்ந்த பைரோ ஸ்டூடியோஸ் 1998இல் வெளியிட்ட ‘கமாண்டோஸ்’ தொடரின் முதல் ஆட்டத்தில், எதிரிக் காவலன் ஒருவனின் பார்வை எங்கே விழுகிறது என்பதைத் தரையில் விரியும் பச்சைக் கூம்பு காட்டும். கூம்பின் அருகுப் பகுதிக்குள் எப்படி நுழைந்தாலும் மாட்டிக்கொள்வோம். தொலைவுப் பகுதியில் நிமிர்ந்து நடந்தால் தெரியும், தவழ்ந்தால் தெரியாது. கூம்பு மறுபுறம் திரும்பும் வரை காத்திருந்து, பின்னால் போய்க் கத்தியால் காவலனை முடித்து, உடலைத் தோளில் சுமந்து அடுத்தவன் கண்ணில் படாத மூலையில் போடுகிறான், ஆட்டத்தில் ‘கிரீன் பெரே’ என்று பெயர் பெற்ற கமாண்டோ வீரன். இதில் திருட்டு எங்கே வந்தது?

‘ரகசியம்’ என்று போடுவோர் கொஞ்சம் யோசித்தவர்கள். வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை. ரகசியம் செய்தியை மறைப்பது. நாம் பேசுவதோ ஆளையும் அசைவையும் மறைப்பது. பகைவனின் சீருடையை மாட்டிக்கொண்டு ஒற்றன் முகாமுக்குள் நடக்கும்போது அவன் யார் என்பது ரகசியம். மணலுக்கடியில் ஒருவன் புதைந்து கிடப்பது அப்படியல்ல. ‘பதுங்கல்’ நல்ல சொல்தான். ஆனால் பதுங்குகிறவன் நகர்வதில்லை; இந்த ஆட்டத்தின் உயிரே நகர்வதில் இருக்கிறது. ‘புலப்படா’ என்பது விமானத்துக்குப் பொருந்தும். ஆளுக்கு வைத்தால் மாயாவிக் கதை ஆகிவிடும்.

வேறு எதுதான் சரி? பகைவர் அறியாமல் உள்ளே புகும் போர்முறை தமிழுக்குப் புதிதா என்ன? தொல்காப்பியம் புறத்திணையைத் தொடங்குவதே அதிலிருந்துதான். ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’ என்று, பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வரும் வெட்சித் திணைக்கு இலக்கணம் சொல்லி, துறைகளை அடுக்கும்போது ‘புடைகெடப் போகிய செலவே, புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்கிறது. அக்கம்பக்கத்தார் அறியாமல் போவது ஒரு துறை, அறியாமல் வேவு பார்ப்பது அடுத்த துறை. இன்றைய ‘ஸ்டெல்த்’ ஆட்டத்தின் இரண்டு பாதிகளும் இதில் அடங்கிவிட்டன. இப்படியொரு வரியை வைத்துக்கொண்டு திருட்டுத்தனத்தைத் தேடிப் போவதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த நூற்பாவின் ‘களவு’ ஆங்கிலச் சொல்லுக்கு இரட்டைப் பிள்ளை போல் இருக்கிறது: திருட்டும் அதுவே, பிறர் அறியாச் செயலும் அதுவே. ஆனாலும் இன்று அதை மீட்க முடியாது. புலவர் காதில் காதல் ஒழுக்கமாகவும் மற்றவர் காதில் திருட்டாகவும்தான் அது விழும்.

என் தேர்வு ‘கரவு’. கரத்தல் என்றால் மறைத்தல், மறைதல். ‘இயல்வது கரவேல்’ என்று சிறு வயதிலேயே மனப்பாடம் செய்த வினைதான். ‘நஞ்சுடைமை தானறிந்து நாகம் கரந்துறையும்’ என்ற மூதுரை வரியில் உடம்பை மறைத்து வாழ்வதற்கே அது வருகிறது. கெரில்லாப் போரைக் ‘கரந்தடிப் போர்’ என்று ஈழத் தமிழர் வழங்கி வருகிறார்கள். ஆகவே போர்க்களத்துக்கும் இது பழகிய வேர். அதே மூதுரைப் பாட்டில் ‘கரவு’ வஞ்சத்தைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். குறிக்கட்டும். பகைவனை ஏமாற்றும் சாயல் இந்த இடத்துக்கு வேண்டியதுதான். அன்றாடப் பேச்சில் கரவு என்று சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை. திருட்டின் கறையும் அதில் இல்லை.

இதே கவனக்குறைவுதான் ‘கமாண்டோ’வை எங்கு கண்டாலும் ‘அதிரடிப்படை வீரர்’ ஆக்குகிறது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களின் குதிரைப்படைப் பிரிவுகளுக்கு வழங்கிய பெயரை, 1940இல் பிரிட்டன் தன் புதிய தாக்குதல் பிரிவுகளுக்கு எடுத்துக்கொண்டது. இந்த ஆட்டத்தில் நாம் இயக்கும் ஆறு கமாண்டோக்களும் அதிர அடிப்பவர்கள் இல்லை. ஓர் ஓசை அதிகமாய் எழுந்தால் அபாயச் சங்கு ஒலிக்கும், காவலர் கூட்டம் ஓடி வரும், போட்ட திட்டம் பாழ். அந்த இடத்தில் ‘அதிரடி’ என்று எழுதுகிறவர் திரையைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார். ‘கமாண்டோ’வை அப்படியே விட்டிருந்தாலும் குற்றமில்லை. தவறான தமிழைவிட வாசகருக்குத் தெரிந்த கடன்சொல் எவ்வளவோ மேல்.

பிரிவின் பெயரைக் ‘கரவுத் தந்திர ஆட்டம்’ என்று எழுதலாம். திரையில் கட்டளையாக வரும்போது ‘கரந்து செல்’, தாக்கும்போது ‘கரந்தடி’, கண்டுபிடிக்கப்பட்டால் ‘கரவு கலைந்தது’. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்துக் கிளேமோர் ஸ்டூடியோ அந்த அறுவரும் ஒன்றுசேர்ந்த முன்கதையை ‘ஆரிஜின்ஸ்’ ஆட்டமாக்கியிருக்கிறது. அதைத் தமிழில் அறிமுகப்படுத்தப் போகிறவர்கள் ஒரு களத்தையாவது ஆடி முடித்துவிட்டுப் பேனாவை எடுக்கட்டும்.