கல் வீட்டுக்குச் சிமென்ட் எமன்

பாதுகாக்க வேண்டியவை என்று அரசு மரபுப் பட்டியலில் சேர்த்த பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடக்கே கோதுமையையும் செம்மறி ஆட்டையும் நம்பி வாழும் வட்டாரத்தில்தான் எனக்குப் பெரும்பாலும் வேலை. சிதைந்த வீடு ஒன்றைப் பார்த்தால், கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டது என்று எல்லோரும் வருத்தப்படுவார்கள். நான் பார்த்தவரை, கவனிக்க ஆளில்லாமல் கெட்ட சுவர்களைவிட அக்கறையோடு கவனித்துக் கெடுக்கப்பட்ட சுவர்களே அதிகம். கெடுத்த பொருளும் அநேகமாக ஒன்றுதான். அது சிமென்ட்.

பர்ரா என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். அடிலெய்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். 1845-இல் அங்கே தாமிரம் கிடைத்ததும், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். குடியிருக்க வீடில்லை. ஓடைக் கரையைக் குடைந்து அந்தக் குழிகளிலேயே வாழ்ந்தார்கள்; 1851 வாக்கில் ஏறத்தாழ 1,800 பேர் அப்படி இருந்தார்கள். அவர்களை அங்கிருந்து வெளியே வரவைக்கச் சுரங்க நிறுவனம் கட்டியவைதான் பாக்ஸ்டன் சதுக்கத்தின் 33 கல் வீடுகள். 1877-இல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு பர்ரா சுற்றியுள்ள பண்ணைகளுக்கான சந்தை ஊராகச் சுருங்கிப்போனது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை, தேவையும் இல்லை. அந்தக் கட்டடங்கள் இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்குப் பெரிய காரணம் அந்த ஏழ்மைதான் என்பேன். 2017-இல் ஊரின் சுரங்க இடங்கள் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

இந்த வட்டாரத்துச் சுவர்கள் எப்படிக் கட்டப்பட்டவை என்பது தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கனம் பொதுவாக ஒன்றரை அடி. வெளிமுகத்திலும் உள்முகத்திலும் கல், நடுவே உடைகல்லும் மண்ணும். கல்லோடு கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. பண்ணை வீடுகளில் பல சமயம் வெறும் மண் சாந்து, வெளி இடுக்குகளில் மட்டும் சுண்ணாம்பு. கீழிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்கும் அடுக்கு பழைய வீடுகள் பலவற்றில் கிடையாது. ஆகவே நிலத்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். வறண்ட பகுதி என்பதால் அந்த ஈரத்தோடு மண்ணில் இருக்கும் உப்பும் சேர்ந்து ஏறும். ஈரம் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். தங்கிய உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து, சுற்றியுள்ள பொருளை உள்ளிருந்தே நொறுக்கும். உப்பு ஓதம் தெற்கு ஆஸ்திரேலியாவில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை.

பழைய கொத்தனார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை எளிதில் வெளியே விடுவது. உப்பு அந்த இடுக்கு வழியாக வெளியேறி முதலில் சாந்தைத்தான் தின்னும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைத்தால் போதும், கல்லுக்குச் சேதமில்லை. அழிவதற்கென்றே வைக்கப்பட்ட பொருள் அது. சாந்து உதிர்கிறதே என்று பதறி, "இனி நூறு வருஷம் அசையாது" என்று சிமென்டை அடைக்கும்போதுதான் வினை தொடங்குகிறது. ஈரத்துக்கு இடுக்கில் வழியில்லை. அது கல் வழியாக வெளியேறுகிறது. உப்பும் கல்லைத் தின்னத் தொடங்குகிறது.

ஒரு பண்ணை வீட்டின் சமையலறை வெளிச்சுவர் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை கற்கள் எல்லாம் இரண்டு விரல் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தன. இடையில் அடைத்த சிமென்ட் மட்டும் கறுத்து, அப்படியே தேன்கூட்டின் அறைச்சுவர்களைப் போலத் துருத்திக்கொண்டு நின்றது. கட்டைவிரலால் கல்லை அழுத்தினேன். பொலபொலவென்று தூளாகக் கொட்டியது. கொட்டியதைத் தினமும் காலையில் பெருக்கி அள்ளுவதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். சிமென்ட் உறுதியாக இருக்கிறதே, கல்தான் மோசமான கல் என்பது அவருடைய கணவரின் கட்சி. அந்தக் கல் அதற்கு முன் நூற்றிருபது ஆண்டுகளாக ஒழுங்காக நின்றிருந்தது என்பதை அவர் யோசிக்கவில்லை.

சிமென்டோடு கூட்டுச் சேரும் வேறு சில்லறைக் குற்றவாளிகளும் உண்டு. மூச்சுவிடாத பிளாஸ்டிக் பெயின்ட், தண்ணீர் புகாது என்று விற்கப்படும் சிலிக்கான் பூச்சு, சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் நடைபாதை, சுவரோரம் தண்ணீர் விட்டு வளர்க்கும் ரோஜா. மரத்தரையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் போடுவது இவை எல்லாவற்றையும் விட மோசம். பழைய மரத்தரைக்கு அடியில் காற்றோட்டம் இருக்கும், நிலத்து ஈரம் அங்கேயே காயும். கான்கிரீட் அதை மூடிவிட்டால் ஈரத்துக்குப் போக்கிடம் சுவர் ஒன்றுதான்.

பட்டியலில் இருக்கும் வீட்டை வாங்கப் பலர் தயங்குகிறார்கள், ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மை அவ்வளவு கொடுமையில்லை. மாநில அளவில் பட்டியலிடப்பட்டதா, உள்ளூர் அளவிலா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் கட்டுப்பாடு வேறு. பட்டியல் பதிவில் எந்தப் பகுதிக்கு மதிப்புக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். வீடு முக்கியம், பின்னால் 1970-களில் ஒட்டிய தகரக் கொட்டகை முக்கியமில்லை என்றிருக்கலாம். குளியலறையைப் புதுப்பிப்பதும் சமையலறையை மாற்றுவதும் பெரும்பாலும் பேசித் தீர்க்கக்கூடியவை. மாறாக, பூசாத கல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போன்ற அற்பமாகத் தெரியும் வேலைக்கு அனுமதி தேவைப்படலாம். வேலையைத் தொடங்குமுன் கவுன்சிலில் மரபுக் கட்டட ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் பெரும்பாலும் காசில்லாமலே சொல்லித்தருவார்.

நாங்கள் பின்பற்றும் நெறிமுறையே 1979-இல் பர்ராவில் வைத்து ஏற்கப்பட்டதுதான். பர்ரா சாசனம் என்றே அதற்குப் பெயர், வேறு நாடுகளிலும் எடுத்தாளுகிறார்கள். தேவையான அளவு மாற்று, அதற்கு மேல் கை வைக்காதே என்பது அதன் சாரம். பயன்பாட்டை அது தடுப்பதில்லை. பாக்ஸ்டன் சதுக்கத்து வீடுகள் பயணிகள் தங்கும் அறைகளாக மாறியதால்தான் அவற்றின் கூரை ஒழுகாமல் இருக்கிறது. செம்மறி ஆட்டின் கம்பளியைக் கத்தரிக்கும் வேலை நின்றுபோன கொட்டகைகளுக்குத்தான் இன்னும் சரியான வழி பிறக்கவில்லை. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போக, அவ்வளவு பெரிய கூரையை யார் செலவழித்துக் காப்பது?

பர்ராவைத் தாண்டி வடக்கே போனால் கூரையில்லாத கல் வீடுகள் வயலில் தனியாக நிற்கும். நில அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர், பெரும் வறட்சிக்குப் பிறகு 1865-இல் ஒரு கோடு கிழித்தார்: இதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிரிடாதீர்கள் என்று. அடுத்து வந்த சில நல்ல மழை ஆண்டுகளை நம்பிக் கோட்டைத் தாண்டிப் போனவர்கள், 1880-களின் வறட்சியில் வீட்டை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இன்று அந்த இடிபாடுகளைப் படமெடுக்கக் கூட்டம் வருகிறது. வரட்டும், ஆனால் சுவர்மேல் ஏறி நின்று படமெடுக்காதீர்கள். மண் சாந்து மழையில் கரைந்துவிட்ட சுவர் அது.

இனி வேலை வரிசை. முதலில் கூரையையும் கூரைத் தண்ணீரை வாங்கும் தகர வாய்க்காலையும் சரிசெய்யுங்கள். பிறகு சுவரோரத்துக் கான்கிரீட்டையும் செடியையும் அகற்றுங்கள். சிமென்டை எடுக்கும்போது இயந்திர வட்டறுப்பான் வேண்டாம், அது கல்லின் விளிம்பையும் சேர்த்து அறுத்துவிடும். உளியும் சுத்தியலும் பொறுமையும் போதும். அதன்பின் சும்மா இருங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது எங்கள் உத்தேசக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு ஒன்றரை ஆண்டு ஆகும். பல வீடுகளில் இதற்குமேல் வேலையே வைப்பதில்லை. வைத்தால் மட்டும் ஈரத்தடுப்பு அடுக்கு செருகுவதைப் பற்றி யோசிக்கலாம், செலவு பிடிக்கும்.

சாந்து அடைக்கும் ஒப்பந்தத்தில், சுண்ணாம்பில் சிமென்ட் கலக்கக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "உறுதிக்காக ஒரு கரண்டி" போடும் கை இன்னும் போகவில்லை. கோடையின் வெப்பக் காற்றில் சுண்ணாம்பு இறுகுமுன்பே காய்ந்து பொடியாகும், குளிர்கால உறைபனியில் வெடிக்கும்; இலையுதிர் காலமோ வசந்தமோதான் ஏற்றது. அடைத்த பிறகும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்யும் கொத்தனார்கள் இங்கே சிலர்தான், மாதக்கணக்கில் முன்பதிவாகி இருப்பவர்கள். அடுத்த வசந்தத்தில் வேலை வேண்டுமென்றால் இப்போதே பேசிவையுங்கள்.