மிதக்கும் ஒரு பைசா

"கையில் நயா பைசா இல்லை" என்று இன்றும் சொல்கிறோம். சொல்பவர்களில் பாதிப் பேர் அந்தக் காசைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். நாடு விடுதலை பெற்றுப் பத்து ஆண்டுகள் நிறைவதற்குள், 1957 ஏப்ரல் 1 அன்று புழக்கத்துக்கு வந்த காசு அது. 1964 ஜூன் 1 அன்று 'நயா'வை உதிர்த்துவிட்டு வெறும் பைசா ஆனது.

'நயா' என்றால் இந்தியில் புதிய என்று பொருள். அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆக ரூபாய்க்கு 64 பைசா. நாம் காலணா என்று சொன்னது அந்தப் பைசாவைத்தான். புதிய கணக்கில் ரூபாய்க்கு 100. பெயர் ஒன்று, மதிப்பு வேறு. இரண்டும் ஒரே சுருக்குப்பையில் கிடந்தன. குழப்பம் வரக் கூடாதென்று, 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியில் காசின் மீதே பொறித்தார்கள்.

குழப்பம் வந்தது. ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? அரையும் அதற்குக் குறைந்த பின்னமும் என்றால் விட்டுவிடு, அரைக்கு மேல் என்றால் ஒன்றாகக் கொள் என்பது விதி. அதன்படி 1 அணாவுக்கு 6, 2 அணாவுக்கு 12, 3 அணாவுக்கு 19 நயா பைசா. மூன்று அணாவைச் சேர்த்துக் கொடுத்தால் 19; ஒவ்வோர் அணாவாகக் கொடுத்தால் 18. காலணாவின் கணக்கு இன்னும் வேடிக்கை. அது 1.5625 நயா பைசா, விதிப்படி 2. ஒரு ரூபாய்க்கான 64 காலணாவை ஒவ்வொன்றாக மாற்ற ஆள் கிடைத்தால் கைக்கு 128 நயா பைசா வரும். அதையே 16 ஓரணாக்களாக வைத்திருந்து ஒவ்வொன்றாக மாற்றினால் 96தான்.

இது கணக்கின் தொல்லை. காசின் உலோகத்தில் இருந்த தொல்லை வேறு வகை.

முதல் நயா பைசா வெண்கலத்தால் ஆனது. விட்டம் 16 மில்லிமீட்டர், எடை ஒன்றரை கிராம். ஒரு கிலோ வெண்கலத்தில் ஏறத்தாழ 667 காசுகள். அவற்றின் மொத்த மதிப்பு 6 ரூபாய் 67 பைசா. செம்பின் விலை ஏறி, ஒரு கிலோ வெண்கலம் இதைவிடக் கூடுதலாக விற்கும் நாளில், காசைச் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம். சட்டம் தடுக்கலாம், உலைக்குச் சட்டம் தெரியாது. சிறிய காசுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மதிப்பைப் போல எடையையும் குறைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்குமேல் விரலால் எடுக்கவே முடியாது.

1962 முதல் சில காலம் நிக்கல் பித்தளையிலும் அடித்துப் பார்த்தார்கள். பிறகு, 1965இல் அலுமினியம் வந்தது. முனை மழுங்கிய சதுரம், எடை முக்கால் கிராம். இப்போது ஒரு கிலோவுக்கு 1,333 காசுகள், 13 ரூபாய் 33 பைசா. வெண்கலக் காசைவிட எடை பாதி. பருமனோ ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரு கன சென்டிமீட்டர் வெண்கலம் 9 கிராமை நெருங்கும்போது, அலுமினியம் 2.7 கிராம்தான் என்பதே காரணம்.

தூய அலுமினியம் மிருதுவானது. நகத்தால் கீறலாம் என்று சொல்லாவிட்டாலும், கல்லாப்பெட்டியில் சில மாதம் உருண்டால் அச்சு மழுங்கிவிடும். அதனால் சிறிது மெக்னீசியம் சேர்ப்பார்கள். மெக்னீசிய அணு அலுமினிய அணுவைவிடப் பெரியது. வரிசையாக அமர்ந்திருக்கும் பந்தியில் ஒரு பருத்த ஆள் நடுவே உட்கார்ந்துவிட்டால் யாரும் எளிதில் நகர முடியாதல்லவா? அப்படியே, அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது தடைபட்டு உலோகம் கெட்டிப்படுகிறது. துருப் பிடிக்குமோ என்ற கவலையும் இல்லை. காற்றுப் பட்டவுடன் ஆக்சைடு படலம் ஒன்று தானே உருவாகி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது.

வீட்டில் பழைய அலுமினிய ஒரு பைசா கிடந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர் எடுங்கள். காசை நன்றாகத் துடைத்து, படுக்கை வசமாக, கை நடுங்காமல் நீர்ப்பரப்பில் விடுங்கள். மிதக்கும். அலுமினியம் தண்ணீரைவிட அடர்த்தியானதாயிற்றே! குனிந்து ஓரத்தைப் பாருங்கள்: நீர்ப்பரப்பு ஒரு தோல்போலக் குழிந்து காசைத் தாங்கியிருக்கும். காசின் மேல்முகம் சுற்றியுள்ள நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் ஈரமாகியிருக்காது. அந்தக் குழியிலிருந்து விலகிய நீரின் எடைக்குச் சமமான விசையும், விளிம்பில் பரப்பு இழுவிசையும் சேர்ந்தே முக்கால் கிராமைச் சுமக்கின்றன. வெண்கல நயா பைசாவை வைத்தால் நேரே அடிக்குப் போகும். ஒன்றரை கிராமுக்கு அந்தச் சிறு வட்டத்தின் விளிம்பு போதாது.

இனி ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பை ஓரமாக விடுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். காசு ஒருபக்கம் சாய்ந்து, மேலே நீர் ஏறி, ஆடி ஆடிக் கிண்ணத்தின் அடியில் போய்ப் படுக்கும்.