தேரைக்குத் தோல், குருவிக்கு மூச்சு

அடிபட்ட சிட்டுக்குருவியோ தேரையோ, சிகிச்சைக்காக எங்களிடம் வந்து சேரும் விதம் ஒன்றுதான்: அட்டைப் பெட்டி, அதற்குள் துணி, மேலே ஒரு பல்பு வெளிச்சம். குருவிக்கு அந்தச் சூடு சரி. தேரைக்கு அதுவே ஆபத்து.

முதலில் குருவி. நமக்கு இருப்பதுபோல அதற்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பறந்துவிடுமோ என்று மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தால், மூக்கு திறந்தே இருந்தாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கு முடியும் இடத்திலேயே இருப்பதால் தண்ணீர் நேரே அதற்குள் இறங்கிவிடும். இருட்டான, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, இளஞ்சூடு கொடுத்தால் போதும். அதன் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல். அடிபட்டு அதிர்ந்துபோன குருவி அந்தச் சூட்டைச் சீக்கிரமே இழந்துவிடும்.

தேரைக்கு இந்தச் சூடு ஆகாது, தோல் காய்ந்துவிடும். அது வாயால் தண்ணீர் குடிப்பதே இல்லை. அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் உள்ள மெல்லிய தோலை ஈரத்தில் அழுத்தி உட்கார்ந்து, அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் போகிற வழியில் சோப்பு, சானிடைசர், பூச்சிமருந்து எல்லாமே போகும் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. நாங்களும் அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறோம்: பூஞ்சைத் தொற்று என்றால் மருந்து கலந்த நீரில் சிறிது நேரம் உட்காரவைப்போம். உலகெங்கும் தவளை, தேரைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையும் தோலைத்தான் பிடிக்கிறது. 1999இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். வெளியே பார்த்தால் தோல் கொஞ்சம் உரிவதுபோலத் தெரியும், அவ்வளவுதான். உள்ளே ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து, கடைசியில் இதயமே நின்றுவிடும்.

தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், சோப்பு வாசனைகூட இல்லாமல் கழுவிய ஈரக் கையால் தூக்குங்கள். குளோரின் கலக்காத நீரில் நனைத்த துணி விரித்த பெட்டியில், நிழலில் வையுங்கள். உணவைத் திணிக்காதீர்கள். ஆரோக்கியமான தேரை பல நாள் பட்டினி தாங்கும். சிட்டுக்குருவிக்கு ஒரு நாளே அதிகம்.

அப்புறம், தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது சும்மா கதை. ஆனால் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு. வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும். வீட்டு நாய் அதைக் கவ்வி நுரை தள்ளினால், வாயைப் பக்கவாட்டில் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.