ரெப்ரசன்டேஷன்னா தமிழ்ல ஒரு வார்த்தையா, ரெண்டு வார்த்தையா?

குடும்ப காமெடிப் படம் எது வந்தாலும் இப்பல்லாம் ரிவ்யூ பண்றவங்க ரெண்டு வார்த்த சொல்லிடுறாங்க, டைவர்சிட்டி, ரெப்ரசன்டேஷன். தமிழ்ல கேட்டா பன்முகத்தன்மை, பிரதிநிதித்துவம்னு டக்குனு வந்துரும். பன்முகத்தன்மை ரொம்ப நல்ல சொல்லு. லத்தீன் வேருக்கு வேற வேற பக்கம் திரும்புனதுன்னு அர்த்தம், நாம திசைய விட்டுட்டு முகத்த வச்சிருக்கோம், சினிமாவுக்கு அதுதான் பொருத்தம். சிக்கல் மத்ததுலதான்.

ரெப்ரசன்டேஷனோட லத்தீன் வேருக்கு, முன்னால இல்லாதத கண்ணு முன்னாடி கொண்டுவந்து நிறுத்துறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அது ரெண்டு வேல பாக்குது, ஒருத்தருக்காக இன்னொருத்தர் போய் பேசுறது ஒன்னு, ஒருத்தர கதையிலயோ படத்துலயோ காட்டுறது இன்னொன்னு. பிரதிநிதிங்கறது சமஸ்கிருதம், ஒருத்தர் எடத்துல வைக்கப்பட்டவர், பதிலாள். 1925ல காஞ்சிபுரம் மாநாட்டுல பெரியார் வகுப்புவாரி பிரதிநிதித்துவம் கேட்டு தீர்மானம் கொண்டுவந்து, அத எடுத்துக்கலன்னு காங்கிரஸ விட்டே வெளிய வந்தாரே, அந்த எடத்துல இந்த வார்த்த கச்சிதமா உக்காருது. ஆனா சினிமாவுல, நெசமான ஆளுக்கு பதிலா வேற யாரையோ நிறுத்துறதுதான பிரச்சனையே.

போன மாசம் ஊட்டி பக்கத்துல ஒரு மந்துல, அதாவது தோடர் பழங்குடி குடியிருப்புல, தெரிஞ்ச அக்கா வீட்ல உக்காந்திருந்தேன். அவங்க வெள்ளத் துணியில செவப்பும் கருப்புமா பூ போட்டுக்கிட்டு இருந்தாங்க, மொதல்ல வரஞ்சு வச்சுக்கறதெல்லாம் கெடையாது, இழைய எண்ணி எண்ணியே ஊசி போகும். டிவியில ஏதோ பழைய காமெடிப் படம். ஊட்டிக்கு டூர் வந்த குடும்பம் காட்டுக்குள்ள வழி தெரியாம மாட்டிக்குது, எலையக் கட்டிக்கிட்டு தலையில எறகு சொருகுன ஒரு கூட்டம் ஈட்டியோட ஓடி வருது. அக்கா பொண்ணு ஆறாவது படிக்குது, என்னப் பாத்து "மாமா, இவங்கல்லாம் எந்த ஊரு?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வாயே வரல. அக்காதான் ஊசிய நிறுத்தாம சொன்னாங்க, "எந்த ஊரும் இல்ல. இந்தக் குளுருல எலையக் கட்டிக்கிட்டு யாரு நிப்பா?"

அதனால காட்டுறதுங்கற அர்த்தத்துக்கு சித்தரிப்புன்னே சொல்லணும்னு நான் நெனைக்கிறேன். ரெண்டையும் போட்டுக் கொழப்புனா, "மலவாழ் மக்கள்தான் படத்துல வர்றாங்களே, பிரதிநிதித்துவம் இருக்கே"ன்னு சுலபமா தப்பிச்சிடலாம். அந்தப் படத்துல சித்தரிப்பு இருந்துச்சு, அதுவும் பொய்யா. பிரதிநிதித்துவம்னு ஒன்னு இல்லவே இல்ல.

இத்தனைக்கும் நீலகிரியில தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடி, அது போக படுகர் ஊருங்க, 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்பறம் இலங்கையிலருந்து திரும்பி வந்து டீ எஸ்டேட்ல வேல பாக்கற குடும்பங்க, ஒவ்வொரு வீட்லயும் மாமியார் மருமக சண்ட, கல்யாணக் கலாட்டா, தாத்தா அடிக்கிற கிண்டல்னு சிரிக்கறதுக்கு அவ்ளோ இருக்கு, கேமராவோ போட்டிங், பனிமூட்டம், பங்களா வாட்ச்மேன்னு சுத்திட்டு எறங்கிப் போயிருது. 2023ல ஆஸ்கர் வாங்குன, தெப்பக்காடு யானை முகாமப் பத்தின "தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்" ஆவணப்படத்துல ஒரு காட்டுநாயக்கர் தம்பதி அவங்களாவே வந்தாங்க, அவங்க வாயாலயே பேசுனாங்க, ஒலகமே உக்காந்து பாத்துச்சே.

பிரதிநிதித்துவங்கற சொல்லுக்கு சினிமாவுல எடமே இல்லன்னு சொல்லல, ஸ்டோரி டிஸ்கஷன் நடக்குற ரூம்ல இருக்கு. அங்க ஒரு தோடரோ படுகரோ நாற்காலி போட்டு உக்காந்திருந்தா அதுக்குப் பேரு பிரதிநிதித்துவம், அந்த எலையக் கட்டுற சீனும் அன்னைக்கே பேப்பர்லயே அடிபட்டுப் போயிருக்கும்.