கையைத் தூக்கி நிற்கும் தேவாங்கு

போன மாதம் ஒரு சாயங்காலம், தங்கள் லாப்ரடார் நாய்க்குத் தடுப்பூசி போட ஒரு தம்பதி வந்திருந்தார்கள். ஊசி போட்டு முடித்ததும் அந்த அம்மா செல்போனை நீட்டினார். தாய்லாந்தில் புக்கெட் தீவுக்குப் போய்வந்த படங்கள். கடற்கரைச் சாலையில் யாரோ கொண்டுவந்து தோளில் வைத்த ஒரு சின்ன உயிர். உருண்டை முகம், அகலமான கண்.

"இதப் பாருங்க டாக்டர், என்னா சாது! கிச்சுக்கிச்சு மூட்டுனா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு அப்படியே நிக்குது."

அது ஸ்லோ லோரிஸ். நம் ஊர்த் தேவாங்குக்கு நெருங்கிய சொந்தம், உடம்பு மட்டும் கொஞ்சம் தடிமன். கால்நடை மருத்துவர் என்பதால் விலங்குப் படம் எதைக் கண்டாலும் என் பார்வை முதலில் கண்ணுக்கும் அடுத்து வாய்க்கும் போகும். வாய் லேசாகத் திறந்திருந்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்வரிசையில் பல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈறுதான் இருந்தது.

அந்தப் பற்கள் போனதற்குக் காரணம் உண்டு. குரங்கு இனங்களோடு சேர்த்து எண்ணப்படும் விலங்குகளில் விஷம் உள்ளது இது ஒன்றுதான். முழங்கையின் உட்பக்கம் ஒரு சுரப்பி இருக்கிறது. பயந்தால் கையைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்துகொள்ளும். அதன் பிறகு கடித்தால்தான் விஷம் ஏறும். கடிபட்டவருக்குச் சதை அழுகலாம். ஒவ்வாமை முற்றி மூச்சே திணறிய மனிதர்களும் உண்டு. அந்த அம்மா கொஞ்சலாக நினைத்த "கை தூக்கல்", 'கிட்ட வராதே, கடித்துவிடுவேன்' என்கிற எச்சரிக்கை. சுற்றுலாப் பயணியைக் கடித்தால் தொழில் படுத்துவிடும் என்பதால், பிடித்து விற்பவர்கள் முதலில் பல்லை வெட்டிவிடுகிறார்கள். நகவெட்டியாலோ குறட்டாலோ, மயக்க மருந்து இல்லாமல்.

நாய்க்கு ஒரு கடைவாய்ப்பல் எடுப்பதென்றால் நான் மயக்க ஊசி போடுகிறேன், வலிக்கு மருந்து கொடுக்கிறேன், ஈற்றைத் தையல் போட்டு மூடுகிறேன். அப்படியும் இரண்டு நாள் அது சோறு தின்னாமல் கிடக்கும். இங்கே உடைந்த பல்லின் வேர் ஈற்றுக்குள்ளேயே கிடந்து சீழ் பிடிக்கிறது. பல விலங்குகள் அதிலேயே செத்துப்போகின்றன. பிழைத்ததையும் திரும்பக் காட்டில் விட முடியாது. மரப்பட்டையைச் சுரண்டிப் பிசினைத் தின்று வாழும் உயிர் அது. பல் போனால் பிழைப்பே போச்சு.

இரவில் மட்டும் நடமாடும் அந்த உயிரைப் பட்டப்பகலில் வெயிலில் வைத்திருந்தார்கள், அல்லது ராத்திரியில் கடைவீதியின் விளக்கு வெளிச்சத்தில். மங்கலான நிலவொளியையும் திரட்டிப் பார்ப்பதற்காகவே அமைந்த கண். அந்த முகத்துக்கு எதிரே நாள் முழுக்க ஃபிளாஷ் அடித்தால் என்ன ஆகும் என்று அவர்களிடம் கேட்டேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டு நாய்க்கு ஒரு வேளை தும்மல் வந்தாலே ஓடி வருகிறவர்கள். யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2013-ல் பாடகி ரிஹானா இதே புக்கெட்டில் இதே விலங்கோடு படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதைப் பார்த்து அதிகாரிகள் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். தாய்லாந்துச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட சைட்டிஸ் ஒப்பந்தத்தில், 2007 முதல் இதன் சர்வதேச வணிகத்துக்கும் தடை உண்டு. விற்கிறவன்மேல் வழக்குப் பாய்வது நல்லதுதான். ஆனால் படத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கும்வரை அடுத்த தெருவில் இன்னொருவன் இன்னொரு குட்டியோடு நிற்பான்.

புலி விஷயமும் இப்படித்தான். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புத்தத் துறவிகள் நடத்திய ஒரு கோயிலில் புலியோடு உட்கார்ந்து படம் எடுக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 2016-ல் அரசு அங்கிருந்து 147 புலிகளை வெளியே கொண்டுவந்தது. உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. புட்டிப்பால் கொடுத்துப் படம் எடுக்கும் இடத்துக்கு வருஷம் முழுக்கச் சின்னக் குட்டி தேவைப்படும். அந்தக் குட்டி எங்கிருந்து வருகிறது, வளர்ந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வராது.

மதுரைக்காரர்கள் அதிகம் போகும் இன்னொரு இடம் மலேசியாவின் பத்துமலை. 272 படி ஏறி முருகனைப் பார்ப்பதற்குள் நாலைந்து குரங்காவது பையை இழுத்துவிடும். அதோடு செல்ஃபி எடுக்க முகத்தை முகத்தோடு வைக்காதீர்கள். குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று அர்த்தமில்லை. பயத்திலோ மிரட்டலிலோதான் பல்லைக் காட்டும்.

வெளிநாட்டில் குரங்கு கடித்து, நாலு நாள் கழித்து ஊருக்கு வந்து, என்னிடம் "நாய் ஊசி போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டவர் ஒருவர் உண்டு. அன்றே அவரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரேபிஸ் வந்துவிட்டால் ஏறக்குறைய மரணம்தான். பாலித் தீவில் 2008 முதல் அது இருக்கிறது. எந்த நாட்டில் கடிபட்டாலும், கீறல் பட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அங்கேயே மருத்துவரைப் பாருங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, நோய்க்கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியானால் வெளிநாட்டில் விலங்குப் படமே எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எடுங்கள், எனக்கும் அதில் பைத்தியம் உண்டு. போர்னியோவில் கினபாத்தாங்கான் ஆற்றில் சாயங்காலம் படகை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தொங்குமூக்குக் குரங்குகள் இரவு தங்குவதற்கு ஆற்றோர மரங்களுக்குத் தாங்களாகவே வந்துவிடும். மதுரையிலிருந்து நேரடி விமானம் போகும் கொழும்பில் இறங்கி, தம்புள்ள, சிகிரியா பக்கம் இரவு நடைக்குப் போனால் சிவப்பு விளக்கில் தேவாங்கைக் காட்டுவார்கள். சிவப்பு ஒளி அதன் கண்ணை அவ்வளவாக உறுத்தாது. படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். பரவாயில்லை, கிளையில் தன் பாட்டுக்குப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும் தேவாங்கு அது. தோளில் நடுங்கும் ஒன்றைத் துல்லியமாகப் படம் பிடிப்பதைவிட நூறு மடங்கு மேல்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை விலங்கே சொல்லும். மேய்வதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால் நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். இரண்டடி பின்னால் வாருங்கள். சீட்டியடிப்பது, கல் எறிவது, தீனி போட்டு இழுப்பது வேண்டாம். அரிய விலங்கானால் படத்தோடு இடத்தைப் பதிவிடாதீர்கள். வேட்டைக்காரனும் அதே இணையத்தைத்தான் பார்க்கிறான்.

சொந்த ஊரிலும் பார்க்க நிறைய இருக்கிறது. திண்டுக்கல் தாண்டி அய்யலூர்ப் பக்கம், திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். தேவாங்குக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். அதே வருஷம் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அங்கேயும் தேவாங்கு உண்டு. "தேவாங்கு மாதிரி இருக்கான்" என்று ஆளைத் திட்டுவதற்கு அதன் பெயரை எடுக்கிறோம், நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இந்த முடிவை புக்கெட்டில் போய் எடுக்க முடியாது. பிள்ளை கேட்கும், கைடு அவசரப்படுத்துவார், விலங்கு ஏற்கெனவே தோளில் ஏறியிருக்கும். மதுரையிலேயே, டூர்க்காரரிடம் முன்பணம் கட்டும்போதே பயணத் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். 'புலியுடன் போட்டோ', 'பாம்பு ஷோ', 'யானைச் சவாரி' என்று இருந்தால் அதை அடித்துவிட்டுப் பதிலாக வேறு இடம் கேளுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்தத் தம்பதி டிசம்பரில் பாலிக்குப் போகிறார்கள். திட்டத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள், மூன்றாம் நாளில் ஒரு வரியை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.